கதவு மூடாத வீட்டில் காணொளிச் சிகிச்சை: பள்ளிக்குப் போக மறுத்த சிறுமி, ஒரு நிகழ்வு ஆய்வு

நகரத்தில் குழந்தைகள் மனநலப் பிரிவு எட்டாத தூரத்தில் இருப்பதில்லை. 4 கிலோமீட்டர், இரண்டு பேருந்து. ஆனால் அந்த 4 கிலோமீட்டருக்காக அம்மா அரைநாள் சம்பளத்தை விட வேண்டும், சின்னவனை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், குழந்தை மூன்று பாடவேளைகளை இழக்க வேண்டும். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நான்கு மாதத்துக்கு. நடுவில் வருகை நின்றுபோவதில் வியப்பில்லை. கிராமப்புறத்தில் தூரத்தைக் குறைக்கும் காணொளிவழிச் சிகிச்சை, நகரத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. பிடித்த கையோடு வேறொன்றில் முட்டிக்கொள்கிறது: சாத்திக்கொள்ளக் கதவில்லாத வீடு.

இந்த யோசனைக்கு வயதாகிவிட்டது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி, கிழக்கு ஹார்லெமில் இருந்த குழந்தைகள் நல நிலையம் ஒன்றோடு இருவழித் தொலைக்காட்சி இணைப்பு வைத்து மனநல ஆலோசனை வழங்கியது. அந்த அனுபவம் 1976இல் ஆய்விதழில் வெளிவந்தது. குழந்தைகளுக்கான தொலைவழி மனநலச் சேவையின் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று நெரிசலான நகர்ப்பகுதியில்தான் நடந்திருக்கிறது. மறுமுனை வீடல்ல, ஒரு நிலையம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கீழே வரும் சிறுமி தனி ஒருத்தி அல்ல. இத்தகைய சேவைகளில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி. அவளுடைய மதிப்பெண்களும் வாரக் கணக்கும் விளக்கத்துக்காக வைத்தவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 11, ஆறாம் வகுப்பு. ஆறு வாரத்தில் 19 நாள் பள்ளிக்குப் போகவில்லை. காலை ஆறரைக்கு வயிற்றுவலி தொடங்கும், பத்து மணிக்கு விட்டுவிடும், சனி ஞாயிறு வரவே வராது. அம்மாவுக்கு ஷிப்டு வேலை. ஒரே அறை, அதை ஒட்டிய சமையலிடம், நான்கு பேர், இரண்டு கைபேசி.

வயிற்றுவலி என்றால் முதலில் உடலைப் பார்த்தாக வேண்டும். எடை குறைவது, தூக்கத்திலிருந்தே எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காணொளியை ஓரம் வைத்துவிட்டுக் குழந்தைநல மருத்துவரிடம் நேரில் அனுப்ப வேண்டும். இவளுக்கு அவை எதுவும் இல்லை. ஆனாலும் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் பள்ளிச் செவிலியர் எடுத்து அனுப்பினார். திரைவழியே எடுக்க முடியாத இந்த நான்கு எண்களை யார் எடுத்துத் தருவார் என்பதை முதல் நாளே முடிவு செய்யாத சேவைகள், மருந்து தொடங்க வேண்டிய நாளில் திண்டாடுகின்றன.

17, 34

பதற்றத்தை அளக்க ஸ்கேர்டு வினாத்தாள் பயன்பட்டது. 41 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 25ஐ எட்டினால் பதற்றக் கோளாறு இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மேலே விசாரிக்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்த முதல் அமர்வில் சிறுமி 17 எடுத்தாள். எல்லைக்குக் கீழே. கோப்பை மூடியிருக்கலாம்.

மூடாததற்குக் காரணம், பதில்கள் வந்த விதம். அம்மாவைப் பற்றிய கேள்விகள் வந்தபோதெல்லாம் அவள் கண் திரைக்கு வலப்பக்கம் போய் வந்தது. அங்கே யாரோ இருந்தார்கள். அடுத்த வாரம் பள்ளிச் செவிலியர் அறையில், கதவைச் சாத்தி, அதே வினாத்தாளைக் கொடுத்தபோது 34. நெருங்கியவரைப் பிரிய அஞ்சும் பிரிவுப் பதற்றத்துக்கான பகுதியில் எல்லை 5. அவள் எடுத்தது 11. அம்மா வேலைக்குப் போன பின் அவருக்கு ஏதாவது ஆகிவிடும், தான் பள்ளியில் இருந்தால் தெரியாமலே போய்விடும் என்பதுதான் அடியில் கிடந்த பயம். அம்மா பக்கத்தில் இருக்கும்போது இதை எந்தக் குழந்தை சொல்லும்?

வீட்டில் எடுத்த மதிப்பெண்ணை எங்கே, யார் அருகில் இருக்க எடுத்தது என்ற குறிப்பில்லாமல் பதிவேட்டில் ஏற்றக்கூடாது. ஒரு வரிக் குறிப்புதான். அந்த வரி இல்லாததால் தவறிப்போகும் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

அறை

சிகிச்சை இரண்டு இடங்களில் நடந்தது: வாரம் ஒருமுறை செவிலியர் அறையில் 45 நிமிடம், வீட்டிலிருந்து 20 நிமிடம், அம்மாவும் சேர்ந்து. பள்ளி அறையில் வைத்த பொருள்கள் கொஞ்சம்தான். 10 அங்குல டேப்லெட், கண்மட்டத்துக்கு உயர்த்தும் ஸ்டாண்டு, 3 மீட்டர் சார்ஜர் வயர், வயர் உள்ள ஹெட்போன், உள்ளே பேசுவது கேட்காதபடி கதவுக்கு வெளியே வைக்க இரைச்சல் எழுப்பும் சிறு கருவி, காகிதம், கிரேயான், களிமண், ஒரு சீட்டுக்கட்டு. அதே களிமண்ணும் சீட்டுக்கட்டும் சிகிச்சையாளர் மேசையிலும் இருக்கும். திரைக்கு இருபுறமும் ஒரே பொருள் இருந்தால் 11 வயதுப் பிள்ளை 45 நிமிடம் உட்கார்ந்துவிடும்.

ஹெட்போனில் வயர் வேண்டும் என்பது அற்ப விஷயமாகத் தோன்றும். வீட்டு அமர்வு ஒன்றில் புளூடூத் இயர்போன் சார்ஜ் தீர்ந்து, டேப்லெட் தானாகவே தம்பி விட்டுவைத்திருந்த ஸ்பீக்கரோடு இணைந்துகொண்டது. சிகிச்சையாளர் கேட்ட கேள்வி வீடு முழுக்கக் கேட்டது. மூன்று வாரம் சேர்த்த நம்பிக்கையைத் திரும்பப் பெற இரண்டு அமர்வு ஆனது.

ஹெட்போன் கேள்வியைத்தான் மறைக்கும், பதிலை மறைக்காது. அதனால் வீட்டு அமர்வுகளில் கேள்விகளை எண்ணில் பதில் சொல்லும்படி மாற்ற வேண்டும். “பயம் இப்போ எத்தனைல இருக்கு?” என்றால் “ஆறு” போதும், தட்டச்சும் செய்யலாம். யாராவது ஒட்டுக்கேட்டால் சொல்ல ஒரு சங்கேதச் சொல்லும் வேண்டும். முதலில் வைத்தது “சார்ஜ் கம்மியா இருக்குக்கா”. நல்ல வாக்கியம், யாருக்கும் சந்தேகம் வராது. நான்காம் வாரம் அவள் அதைச் சொன்னதும் சிகிச்சையாளர் பேச்சை மாற்றிச் சீட்டு விளையாட்டுக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் திரை அணைந்தது. உண்மையிலேயே சார்ஜ் இல்லை. அந்தச் சொல் “சாக்பீஸ்” என்று மாறியது. தற்செயலாக வாயில் வரக்கூடாது, வந்தாலும் யாருக்கும் உறுத்தக்கூடாது என்பதுதான் தேர்வு விதி.

இணைப்பு விஷயத்தில் ஒரு கணக்கு. நொடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் ஓடும் காணொளி 50 நிமிடத்தில் ஒரு திசைக்கு ஏறத்தாழ 225 எம்பி எடுக்கும், போகவர 450 எம்பி. மாதம் நான்கு அமர்வுக்கு 1.8 ஜிபி. தினசரி டேட்டா வரம்புள்ள கைபேசியில் பிள்ளை காலையில் பாட்டுக் காணொளி பார்த்துவிட்டால் மாலை அமர்வு பாதியில் உறைந்துவிடும். படத்தின் தெளிவைக் குறைக்கலாம், ஒலியைக் குறைக்கக்கூடாது. தடுமாறினால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலோடு தொடர்வதே மேல். பள்ளி வைஃபையைப் பள்ளி நாளில், எல்லா வகுப்பும் இணையத்தில் இருக்கும் நேரத்தில் சோதிக்க வேண்டும். மாலை ஐந்துக்குச் சோதித்து “அருமையாக இருக்கிறது” என்று எழுதிக்கொண்டு போனவர்கள், பள்ளியின் இணைய வடிகட்டி காணொளியை அடைப்பதை முதல் அமர்வில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

பள்ளி கொடுத்த டேப்லெட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. பிள்ளைகள் தட்டச்சு செய்வதைக் கண்காணித்து, சில சொற்கள் வந்தால் நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் அதில் இருக்கலாம். சிகிச்சையில் எழுதிய வரி தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். சேவைக்கென்று தனி டேப்லெட் வாங்கியதற்கு முதற்காரணம் இது.

முதல் இரண்டு நிமிடம்

ஒவ்வோர் அமர்வும் ஒரே மாதிரித் தொடங்கும், எத்தனையாவது வாரமாக இருந்தாலும். இப்போது எந்தக் கட்டடம், எந்த மாடி? அறையில் வேறு யார்? கூப்பிட்டால் வரும் பெரியவர் யார், அவர் எண் மாறவில்லையே? இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது? பழகிய பிறகு இதை விட்டுவிடத் தோன்றும். விடக்கூடாது, குழந்தை இன்று பெரியம்மா வீட்டில் இருப்பது இந்தக் கேள்வியில்தான் தெரியவரும்.

அவசர எண்ணில் ஒரு நுட்பம் இருக்கிறது. சிகிச்சையாளர் தன் இடத்திலிருந்து அவசர எண்ணை அழுத்தினால் அது அவர் பகுதிக்கான கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும். எனவே குழந்தை இருக்கும் பகுதியின் ஆம்புலன்சுக்கும் காவல் நிலையத்துக்கும் நேரடி எண்களைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். சிகிச்சையாளருக்கு இரண்டாவது கருவியும் வேண்டும். குழந்தையோடு காணொளியை நிறுத்தாமலே அம்மாவை அழைக்க வேறு வழியில்லை.

இது ஏழாம் வாரம் தேவைப்பட்டது. தற்கொலை எண்ணத்தைக் கேட்டறியும் ஏ.எஸ்.க்யூ. என்ற குறுவினாத்தாளில் நான்கு கேள்விகள் உண்டு. ஒன்றுக்கு “ஆமாம்” வந்தாலும் “இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா” என்ற ஐந்தாவதைக் கேட்க வேண்டும். செவிலியர் அறையில் இருந்த சிறுமி, தான் இல்லாவிட்டால் அம்மாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று சில வாரங்களாக நினைத்ததுண்டு என்றாள். ஐந்தாவதுக்கு “இல்லை”. திட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் காணொளி அணையவில்லை. சிகிச்சையாளர் இரண்டாவது கைபேசியில் செவிலியரை உள்ளே வரச் சொன்னார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகே அம்மாவுக்கு அழைப்பு போனது. அம்மா வரும்வரை 50 நிமிடம் திரை திறந்தே இருந்தது, அதில் 30 நிமிடம் களிமண்ணில் போனது. பின் மூவரும் சேர்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுதினார்கள்: மனம் இறங்குகிறது என்பதற்கு முன்னறிகுறி என்ன, தானே செய்யக்கூடியது எது, கவனத்தைத் திருப்ப யாரோடு எங்கே இருக்கலாம், உதவி கேட்க யார், எந்த நிபுணரை எந்த எண்ணில் அழைப்பது, வீட்டில் எதையெல்லாம் பூட்டிவைப்பது. மாத்திரைகளை அன்றிரவே பூட்டியாயிற்று என்று அம்மா அனுப்பிய செய்தி பதிவேட்டில் ஏறியது. மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு குறுஅழைப்புகள்.

வீட்டிலிருந்து நடந்த அமர்வில் இதே பதில் வந்திருந்தால்? நேர்மையாகச் சொன்னால், வந்தே இருக்காது.

பயப் படிக்கட்டு

சிகிச்சை முறை, சிபிடி எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சை. குழந்தைகளின் பதற்றத்துக்கு இதன் பலன் நன்கு சோதிக்கப்பட்டது: 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 7 முதல் 17 வயதுள்ள 488 பேரில், சிபிடி பெற்றவர்களில் ஏறத்தாழ 60 சதவீதமும், அதோடு செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதமும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24 சதவீதமும் தெளிவாகத் தேறினார்கள். அது நேரடிச் சிகிச்சை. காணொளியில் நடந்த சோதனைகள் அளவில் சிறியவை. குழந்தை மனச்சோர்வுக்கு 2003இல் வெளியான 28 பேர் ஆய்வில் காணொளியும் நேர்முகமும் இரண்டுமே பலன் தந்தன. கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) 2015இல் வந்த 223 பேர் ஆய்வு பெரியது. அதில் 22 வாரத்தில் ஆறு அமர்வுகள், மருத்துவர் காணொளியில், பெற்றோருக்குப் பயிற்சி தருபவர் குழந்தையின் ஊரிலேயே நேரில். அங்கேயும் மறுமுனையில் ஓர் ஆள்.

பயப்படும் செயல்களைக் குறைந்த பயத்திலிருந்து கூடியதுவரை அடுக்கி, ஒவ்வொன்றாக ஏறுவதுதான் படிக்கட்டு. இவளுக்கு அமைந்தது, அடைப்புக்குறியில் பயத்தின் அளவோடு: சனிக்கிழமை காலை சீருடை போட்டு வாசலில் நிற்பது (பயம் 2). அம்மா வேலைக்குக் கிளம்பியபின் 30 நிமிடம் அவரை அழைக்காமல் இருப்பது (4). பள்ளி விட்ட பிறகு கேட்டுவரை போவது (4). செவிலியர் அறையில் ஒரு பாடவேளை (5). ஓவிய வகுப்பு மட்டும் (6). அரைநாள் (7). சாப்பாட்டுக் கூடம் (8). முழுநாள், அம்மாவுக்கு ஒரு அழைப்புகூட இல்லாமல் (9). ஒவ்வொரு படியையும் மூன்று நான்கு முறை. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக்கூடாது. ஓடினால் ஓட்டம்தான் பழகும்.

காணொளி நேர்முகத்தை விஞ்சிய இடம் இதுதான். மருத்துவமனை அறையில் பள்ளிக் கேட்டைக் கற்பனைதான் செய்ய முடியும். இங்கே சிகிச்சையாளர் கேட்டுக்கே போனார், அம்மாவின் சட்டைப்பையில் இருந்த கைபேசியில், படம் இல்லாமல், குரலாக மட்டும்.

“எத்தனைல இருக்கு?”

“எட்டுக்கா.”

“சரி, நிப்போம். கேட்ல என்ன கலர் பெயிண்ட்?”

“பச்சை. உரிஞ்சிருக்கு.”

“எத்தனை இடத்துல உரிஞ்சிருக்குன்னு எண்ணு.”

இப்படிக் கவனத்தைத் திருப்புவது ஒரு பிழை என்பதையும் சொல்ல வேண்டும். எண்ண வைத்தால் பயம் இறங்கும், ஆனால் அது தானாக இறங்கியதைக் குழந்தை கற்காது. அடுத்த முறை அந்தக் கேள்விகள் இல்லை. “என்ன ஆகும்னு நெனச்ச? ஆச்சா?” என்பது மட்டும். 8இலிருந்து 4க்கு வர 16 நிமிடம் ஆனது. அந்த 16 நிமிடம் பேசாமல் இருப்பது சிகிச்சையாளருக்குத்தான் கடினம். திரையில் மௌனம் என்றால் இணைப்பு போய்விட்டதோ என்ற பதைப்பு வரும். “நான் இருக்கேன்” என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

அம்மாவுக்கும் வேலை இருந்தது. காலையில் “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்பதை நிறுத்துவது, வீட்டில் தங்கும் நாளில் டிவியும் கைபேசியும் இல்லை என்பதில் நிற்பது. இரண்டாவதில் அவர் மூன்று முறை சறுக்கினார். இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கு அழும் பிள்ளையோடு மல்லுக்கட்டத் தெம்பில்லை. அறிவுரையைக் குறைத்து, ஷிப்டு இல்லாத செவ்வாய், வியாழன் இரண்டு நாளுக்கு மட்டும் விதியை வைத்தபோது பிடித்தது.

மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் முதல் நான்கு வாரம் வாரந்தோறும் பார்ப்பதற்கு அமர்வு ஒதுக்கியிருக்க வேண்டும். மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் இளவயதினரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே கறுப்புக் கட்ட எச்சரிக்கை (மருந்து விவரத்தாளில் கட்டத்துக்குள் அச்சிடும் கடும் எச்சரிக்கை) விதித்திருக்கிறது.

ஒன்றிலிருந்து பலவற்றுக்கு

ஒரு குழந்தைக்கு இது நடந்தது. 12 பள்ளிக்கு நடக்குமா என்பது வேறு கேள்வி. பலரும் முதலில் செய்யும் தவறு, எல்லாரையும் சல்லடை போட்டுவிடுவது. குழந்தைகளின் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களைக் கேட்டறியும் எஸ்.டி.க்யூ. வினாத்தாளில் 25 கேள்விகள்தான், ஒரே நாளில் 400 பேருக்குக் கொடுத்துவிடலாம். அதன் அசல் வெட்டுப்புள்ளிகள் ஏறத்தாழ 10 சதவீதக் குழந்தைகள் சிக்கல் அதிகம் என்னும் மேல்பட்டையில் விழும்படி வகுக்கப்பட்டவை. ஆக 40 பேர். ஒரு சிகிச்சையாளர் நாளுக்கு 5 காணொளி அமர்வு பார்க்கலாம், அதற்கு மேல் கண்ணும் கவனமும் ஒத்துழைக்காது. வாரம் 25 இடம். அதில் மதிப்பீட்டுக்கும் அவசரத்துக்கும் 5 போனால் ஒரே நேரத்தில் 20 பேர். ஆளுக்கு 14 வாரம், பள்ளி ஆண்டு 40 வாரம் என்றால் ஆண்டுக்கு 57. வராத அமர்வுகளைக் கழித்தால் 45 சொச்சம். ஒரே பள்ளியின் சல்லடையே ஓராண்டு இடத்தை விழுங்கிவிடும். பிரச்சினை இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு எட்டு மாதம் காக்க வைப்பதைவிட, இடம் இருக்கும் அளவுக்கு வகுப்பு வகுப்பாகச் சல்லடை போடுவது நல்லது.

இடத்தைக் கூட்ட நிபுணரை எல்லாக் குழந்தை முன்னாலும் உட்கார வைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004 முதல் நடத்தும் ஏற்பாட்டில், குழந்தைநல மருத்துவர் தொலைபேசியில் அழைத்தால் குழந்தை மனநல மருத்துவர் அரைமணிக்குள் பதில் பேச முயல்கிறார். பெரும்பாலான குழந்தைகள் தங்கள் வழக்கமான மருத்துவரிடமே தொடர்கிறார்கள். லேசான பதற்றத்துக்குப் பெற்றோர் வழிகாட்டல், நடுத்தரத்துக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர், இவள் போன்ற நிலைக்குச் சிகிச்சையாளர், மருந்துக்கும் ஆபத்துக்கும் மனநல மருத்துவர் என்று அடுக்கினால்தான் 12 பள்ளி சாத்தியம்.

ஆனால் உண்மையில் முதலில் முறிவது செவிலியரின் நேரம். குழந்தையை வகுப்பிலிருந்து அழைத்துவர, இணைப்பைச் சரிபார்க்க, முடிந்ததும் முகம் கழுவி ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்ப, அமர்வுக்கு 20 நிமிடம். நாளுக்கு ஆறு அமர்வு என்றால் இரண்டு மணி நேரம். இது யார் வேலைப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. எழுதாத வேலை மூன்றாம் மாதம் நின்றுவிடும்; நின்றதும் “குழந்தை வரவில்லை” என்று பதிவாகும். விரிவாக்கத்துக்கு வரும் பணத்தில் மென்பொருள் உரிமத்துக்கு முன்னால் இந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் போட வேண்டும்.

சின்ன விஷயங்களும் உண்டு. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. பிடித்த பாடவேளையில் அமர்வு வைக்கக்கூடாது. ஓவிய வகுப்பை இழந்த பிள்ளை மனநலத்தை மன்னிக்காது. வீட்டுக் கைபேசிக்குப் போகும் நினைவூட்டலில் “மனநலம்” என்ற சொல் பூட்டிய திரையில் தெரியக்கூடாது.

எல்லாக் குழந்தைக்கும் இந்த வழி ஒத்துவராது. எடையும் இதயத் துடிப்பும் அடிக்கடி பார்க்க வேண்டிய கடும் உணவுக் கோளாறு, மாயக்குரல் கேட்கும் நிலை, வீட்டுக்குள்ளேயே வன்முறை நடக்கும் சந்தேகம் இவற்றுக்கு நேரில் பார்க்க ஆள் வேண்டும். கடைசியதில் வீட்டுக்கு அழைப்பதே ஆபத்து.

16ஆம் வாரம்

ஸ்கேர்டு மதிப்பெண் 19, பள்ளி அறையில் எடுத்தது. கடைசி நான்கு வாரத்தில் 20 நாளில் 17 நாள் பள்ளி. நீண்ட விடுமுறை முடிந்த முதல் வாரம் வயிற்றுவலி திரும்பியது. எதிர்பார்த்துதான் அந்த வாரத்தில் இரண்டு அமர்வுகளை முன்னரே ஒதுக்கியிருந்தார்கள், நான்காம் நாள் போனாள். ஏழாம் படி மட்டும் ஏறவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு இன்னும் போவதில்லை, மதியம் செவிலியர் அறைத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கூடவே ஒரு தோழியும் வருகிறாள். அந்தப் படியின் பயத்தை 8 என்று வைத்ததே தவறோ, கூடத்தின் இரைச்சலையும் கூட்டத்தையும் தனித்தனிப் படிகளாகப் பிரித்திருக்க வேண்டுமோ என்று கோப்பில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது. அடுத்த அமர்வு மூன்று வாரம் கழித்து, கூடம் காலியாக இருக்கும் இரண்டாம் பாடவேளையில்.